உடைந்த வயலின் எங்கிருந்து வந்தது?

“கடை சிகாகோவுல இல்லடா, புடாபெஸ்ட்ல இருக்கு” என்பார் பெரியப்பா. தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்ததும் இரவில் அதே சேனலில் டிஎன்டி வரும். பழைய எம்ஜிஎம் படங்களை எங்கள் வீட்டில் அதில்தான் பார்த்தோம். ‘இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்’ (1949) படத்தில் இருப்பதோ சிகாகோ நகரத்து இசைக் கடை. ஜூடி கார்லண்ட் அங்கே பாடிப் பாடி விற்பார். ஆனாலும் பெரியப்பா ஹங்கேரியை விடமாட்டார். ஏன் என்று கேட்டால், “டைட்டில்ல பேரைப் படி” என்பதோடு சரி.

படத்தைப் பற்றிப் பின்னாளில் நான் படித்ததெல்லாம் ஒரே பாட்டுத்தான்: எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ (1940) படத்தின் நீர்த்த நகல் இது, பாட்டுக்காக மூலக்கதையின் ஊரையே துடைத்தெறிந்துவிட்டார்கள். படித்துப் படித்து எரிச்சல்தான் மிஞ்சியது. அப்படியானால் பெரியப்பா அதில் எதைக் கண்டார்?

வேர் சீக்கிரமே கிடைத்தது. மிக்லோஷ் லாஸ்லோ ஹங்கேரிய மொழியில் எழுதிய ‘பர்ஃப்யூமரி’ என்ற நாடகம் அது. வாசனைத் திரவியக் கடையில் நடப்பது. லூபிட்ஷ் அதைத் தோல்பொருள் கடையாக்கினார், புடாபெஸ்ட்டை அப்படியே வைத்துக்கொண்டார். கடைக்குள் சண்டைக்கோழிகளாக இருக்கும் இருவர், ஆள் தெரியாமல் ஒருவருக்கொருவர் காதல் கடிதம் எழுதுகிறார்கள். ‘யூ ஹேவ் காட் மெயில்’ (1998) பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

தோல்பொருள் கடை ஏன் இசைக் கடையானது என்பதும் புரிந்தது. லூபிட்ஷின் நாயகி வேலை வாங்குவது, திறந்தால் பாட்டுக் கேட்கும் சிகரெட் பெட்டி ஒன்றை மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி விற்றுத்தான். அந்தச் சின்னப் பெட்டிதான் வளர்ந்து முழு இசைக் கடையாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

சிக்கியது வயலினில்தான். 1940 படத்தில் கடை முதலாளி மனைவியைச் சந்தேகிக்கிறார். உண்மை தெரிந்ததும் தன்னையே சுட்டுக்கொள்ளத் துணிகிறார். படத்தின் இருட்டான மையம் அது. 1949 படத்தின் முதலாளிக்கு மனைவியே இல்லை. உயிராக நினைக்கும் ஒரு வயலின் இருக்கிறது, வாசிக்கத்தான் வராது. கடை ஊழியனான நாயகன் அதை அவரிடம் சொல்லாமலேயே வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு இரவல் தருகிறான். அதற்குப் பதிலாக வைத்த வயலின் உடைந்துபோகிறது. மனைவியின் துரோகம் இருந்த இடத்தில் ஒரு வயலின்! நாடகத்தில் தேடினேன், இல்லை. லூபிட்ஷ் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன், அதிலும் இல்லை. தற்கொலையைக் காட்டப் பயந்து ஒப்புக்கு ஒரு பொருளை நுழைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று முடிவு கட்டும் நிலைக்கே வந்துவிட்டேன்.

பஸ்டர் கீட்டன் குறுக்கே வந்தார். மௌனப்பட மேதையான அவரை 1933-ல் வெளியேற்றிய எம்ஜிஎம், பிறகு நகைச்சுவைக் காட்சிகளுக்கு யோசனை சொல்லும் ஆளாகத்தான் வைத்திருந்தது. வயலின் உடைய வேண்டும், சிரிப்பு வர வேண்டும், நம்பும்படியும் இருக்க வேண்டும். எப்படி என்று இயக்குநர் ராபர்ட் இசட். லியோனார்ட் அவரிடம் கேட்டார். கீட்டன் ஒரு விழுகையை வடிவமைத்தார். அதை வேறு எவராலும் விழ முடியாது என்று தெரிந்ததும் கீட்டனுக்கே அந்த வேடத்தைக் கொடுத்தார்கள். இதை அறிந்தபோது துள்ளிக் குதித்தேன். ஒப்புக்கு நுழைத்த பொருள் என்று நான் நினைத்தது, மறக்கப்பட்ட ஒரு கலைஞனைக் கேமரா முன்னால் மீண்டும் நிறுத்தியிருக்கிறது!

அதற்குப் பிறகு வயலினை விட்டுவிட்டு ஆட்களைத் தேடத் தொடங்கினேன். டைட்டிலில் ஒவ்வொரு பெயராக நிறுத்திப் படித்தேன். மூல நாடகம் மிக்லோஷ் லாஸ்லோ. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் ஐவன் டார்ஸ், புடாபெஸ்ட்டில் பிறந்தவர். தயாரிப்பாளர் ஜோ பாஸ்டர்நாக், அன்றைய ஆஸ்திரிய ஹங்கேரியில் பிறந்தவர். வயலின் முதலாளியாக நடித்த எஸ். இசட். சகால், ‘காசாபிளாங்கா’ படத்தில் கார்ல் என்ற பரிசாரகராக வருவாரே, அவரேதான். அவரும் புடாபெஸ்ட்காரர். யூதரான அவர் நெருங்கிய உறவினர்களை நாஜி வதைமுகாம்களில் பறிகொடுத்தவர்.

இரண்டில் லூபிட்ஷின் படமே பெரிய படம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரைத் துடைத்தெறிந்தார்கள் என்ற பேச்சை இனி ஒப்புக்கொள்ள மாட்டேன். லூபிட்ஷின் புடாபெஸ்ட் கடைக்கு முதலாளியாக வந்த ஃபிராங்க் மோர்கன் நியூயார்க்கில் பிறந்தவர். சிகாகோ கடையின் கல்லாவில்தான் அசல் புடாபெஸ்ட்காரர் உட்கார்ந்திருந்தார்.