எடுத்துக் கொடுக்கிறவர்

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறை. வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் கரைத்த களிமண்ணை ஊற்றிக்கொண்டே வருகிறார் அக்கா. எல்லாருக்கும் அவர் அக்காதான். அச்சு தண்ணீரை உறிஞ்ச வேண்டும், உள்பக்கம் மண் தடிமனாகப் படிய வேண்டும். அதுவரை கைக்கு வேலை இல்லை. வாய்க்கு உண்டு.

"அப்புறம் என்னாச்சுக்கா?"

முந்தின ராத்திரி கரண்ட் போனதில் சீரியலைத் தவறவிட்டவள் கேட்கிறாள். பொம்மையின் ஒட்டு வரியைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் கை மட்டும் நிற்கவில்லை.

அக்கா தொடங்கிவிட்டார். மாமியாருக்கு முகவாயை ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறார். மருமகளுக்குக் குரல் இறங்குகிறது. மூத்த மகன் முறை வந்ததும் வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு நிமிர்கிறார். பெற்ற வயிறு, தின்ற சோறு, அப்பன் பேர் என்று வசனம் கொட்டுகிறது. ஓரிடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை.

"நடிக்கிறவுங்க எப்புடிக்கா இவ்ளோத்தையும் ஞாபகம் வச்சுக்குறாங்க?"

வைத்துக்கொள்வதில்லை. வாரம் ஆறு நாள் ஓடுகிற தொடருக்கு வசனத்தாள் பல நாள் படப்பிடிப்பு நடக்கிற அன்றுதான் கைக்கு வரும். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரிவரியாக எடுத்துக் கொடுப்பார். பிராம்ப்டிங் என்பார்கள். அதைக் காதில் வாங்கியது கண்ணில் தெரியாமல், அடுத்த நொடியே கோபமாகவோ அழுகையாகவோ திருப்பித் தர வேண்டும். இளக்காரமாகப் பேச ஒன்றுமில்லை, அதுவும் ஒரு வித்தை. தமிழ் தெரியாமல் வெளிமாநிலத்திலிருந்து வருகிற கதாநாயகிக்கு அந்தக் குரலை விட்டால் கதி இல்லை. பிறகு டப்பிங். அதே வரியை உதட்டசைவுக்குப் பொருத்தி மறுபடி பேச வேண்டும், அதுவும் அதே கோபத்தோடு. 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன், நடிகர் மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று காலமானதே டப்பிங் வேலைக்கு நடுவில் உடல்நலம் குன்றித்தான்.

இதையெல்லாம் நான் சொல்வதற்குள் அகல் விளக்குகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் முந்திக்கொள்கிறார். சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவராம்.

"கூத்துல ஏதும்மா பேப்பரு? வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிறதுதான். வேஷக்காரனுக்கு மறந்துச்சுன்னா பின்பாட்டுக்காரன் எடுத்துக் குடுப்பான். கட்டியங்காரன் இருக்கான் பாரு, கேள்வி கேட்டே கதைக்கு இழுத்தாந்துருவான்."

பின்பாட்டுக்காரர் சபைக்கு முன்னால் நிற்பவர், அவர் குரல் ஊருக்கே கேட்கும். உதவி இயக்குநரின் குரலை டப்பிங்கில் துடைத்துவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் கூத்துதான் நேர்மை.

வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த சின்னப்பெண்ணுக்கு வேறு வழக்கு. "இல்லக்கா, மூத்தவரு அவ்ளோ பேசல. 'வெளிய போ'ன்னு மட்டும்தான் சொன்னாரு."

"ஆமா, நீ பெருசா கண்ட!"

நேற்றைய கதையைப் போட்டுப் பார்க்கப் போன் வருகிறது. களிமண் கையால் தொடாதே என்று அதட்டல் வேறு. மூன்று தலைகள் ஒன்றாகக் குனிகின்றன. மூத்த மகன் முறைக்கிறார். "வெளிய போ" என்கிறார். இசை இடிக்க, அதே முகத்தை மூன்று முறை கிட்டத்தில் காட்டி அன்றைய கதையை முடித்துவிட்டார்கள். வயிறும் இல்லை, சோறும் இல்லை, அப்பன் பேரும் இல்லை.

சின்னவள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அக்கா அசரவில்லை.

"பாவம், மறந்துட்டாரு. பின்பாட்டுக்காரன் எங்க போய்த் தொலைஞ்சான்?"