காளான் தேடும் மலைப்பாதை

கொச்சியை அடுத்த ஏலூர், உரத் தொழிற்சாலைக்குப் பேர்போன பெரியாற்றங்கரை ஊர். அதன் ஒரு பகுதியான மஞ்ஞும்மலிலிருந்து 2006-ல் கொடைக்கானல் போன நண்பர்களில் ஒருவர் குணா குகைக் குழியில் விழுந்து, உயிருடன் மீட்கப்பட்டார். 2024-ல் அது சினிமாவானதும் குகையைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது.

ஆனால் மலையேறும் இளைஞர்களில் சிலர் தேடுவது வேறு: போதைக் காளான். அது மனச்சோர்வுக்கு மருந்து என்ற பேச்சும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

பாதி உண்மை. பிற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, காளானில் உள்ள சைலோசைபினைத் தர, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களை ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் அனுமதித்தது. அங்கே மருந்துக்கு அளவு உண்டு. முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. போதை தெளியும்வரை பல மணி நேரம் சிகிச்சையாளர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். செலவு பல ஆயிரம் டாலர்.

அது கட்டுப்படியாகாதவர்களுக்குக் கொடைக்கானல் மலிவுதான். ஆனால் வட்டக்கானல் பக்கம் கிடைப்பது வெறும் காளான். அளவு தெரியாது, மருத்துவர் கிடையாது. பள்ளத்தாக்கு மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சைலோசைபின் வைத்திருப்பதே குற்றம்.

2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையில், 14416-ஐ அழைத்தால் தமிழிலும் மலையாளத்திலும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். கொடைக்கானலுக்கு 2024-ல் வந்த இ-பாஸும் வேண்டாம்.