நிலம் கூறும் சான்று

என் பாட்டியார் திண்ணையில் அமர்ந்தபடியே, வீட்டினுள் எழும் ஓசையைக் கொண்டு நடந்ததைக் கூறிவிடுவார். “குடம் விழுந்தது” என்பார். “பெட்டியை இழுக்கிறார்கள்” என்பார். ஒருநாள் பானை உடைந்த ஓசை கேட்டு என்னைக் கடிந்துகொண்டார். உடைத்தது பூனை. அன்று நான் அழுத அழுகை இன்றும் நினைவில் உள்ளது. நிலநடுக்க ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபொழுது அந்தப் பானையே என் மனக்கண்முன் வந்து நின்றது.

பூமிக்கடியில் பாறை நழுவினாலும் நிலம் அதிரும். அணுகுண்டு வெடித்தாலும் அதிரும். இரண்டும் நெடுந்தொலைவிலுள்ள கருவிகளில் வளைந்து நெளிந்த கோடுகளாகப் பதிகின்றன. அவற்றை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்?

வெடி, தன்னைச் சூழ்ந்த பாறையை எல்லாப் பக்கமும் ஒருங்கே வெளியே தள்ளுகிறது. ஆதலின் விரைந்து முதலில் வரும் தள்ளலை வலிமையுடன் இருக்கும். பின்வரும் குறுக்கலை மெலிந்திருக்கும். நிலநடுக்கத்திலோ பாறையின் ஒரு பகுதி மற்றொன்றை உராய்ந்து வழுக்குகிறது. அப்பொழுது குறுக்கலை ஓங்கி நிற்கும். ஆழமும் ஒரு சான்றாகும். ஐம்பது கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த அதிர்ச்சிக்கு மனிதன் பொறுப்பாக இயலாது. அத்துணை ஆழம் தோண்டியவர் எவரும் இலர்! சிற்றதிர்ச்சிகளே தொல்லை தருவன. அவற்றின் கோடு, காற்றும் கடலலையும் எழுப்பும் நடுக்கத்தில் மறைந்துபோகும்.

அத்தகைய சிற்றதிர்ச்சி ஒன்று 1997 ஆகஸ்டு 16ஆம் நாள், ருஷ்யாவின் வடகோடியிலுள்ள நோவயா செம்லியா தீவுகளை அடுத்துப் பதிவாயிற்று. அத்தீவுகளில் ருஷ்யாவின் அணுகுண்டுச் சோதனைக் களம் உள்ளது. அணுவெடிச் சோதனைகளை அறவே விலக்கும் உடன்படிக்கையில் அந்நாடு கையொப்பமிட்டு அப்பொழுது ஓராண்டுகூட நிறையவில்லை. அது வாக்குத் தவறிற்றோ என்னும் ஐயம் வாஷிங்டனில் எழுந்தது. செய்தித்தாள்களும் அதனைப் பரப்பின. ருஷ்யா மறுத்தது. ஆயின், ஐயுறப்பட்டவரின் மறுப்பை யார் நம்புவர்?

அறிஞர்கள் கோடுகளை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தனர். அதிர்ச்சி பிறந்த இடம் களத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் அப்பால், காராக் கடலின் அடியில் இருந்தது. குறுக்கலையும் தெளிவாகப் புலப்பட்டது. சில மணி நேரம் கழித்து அப்பகுதியிலிருந்தே மற்றொரு மெல்லிய அதிர்ச்சி வந்திருந்ததையும் நார்வே நாட்டுக் கருவிகள் காட்டின. அவ்வாண்டு நவம்பரில், அது அணுவெடிப்பு அன்று என்பதை அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏறக்குறைய மூன்று திங்கள் கழிந்திருந்தன.