கடைசியாகக் கண்ட நாள்

என் அத்தை பூப்பாறைக்கு அருகே ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர். புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் சில மாதங்கள் மலையிலிருந்தே மருத்துவமனைக்குப் போய்வந்தார். உடல் தளர்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துச் சொந்த ஊருக்கு இறங்கினார். அங்கேயே காலமானார். அவர் எந்த ஆய்விலும் பங்கேற்றவர் அல்லர். பங்கேற்றிருந்தால் அவர் எண்ணுக்கு நேரே 'கடைசியாகக் கண்ட நாள்' மட்டுமே இருந்திருக்கும். இறந்த நாள் இருந்திராது.

பல மையங்களில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் உயிர்வாழ்காலத் தரவுகளைப் பகுப்பாய்வதே என் முனைவர் பட்ட ஆய்வு. தொடர்பு விட்டுப்போனவரை எங்கள் துறையில் 'சென்சார்' ஆனவர் என்போம். 1958இல் வெளிவந்த கப்லான்-மையர் முறையும், 1972இல் காக்ஸ் அளித்த மாதிரியும் அவரை ஒதுக்கிவிடுவதில்லை. கண்ட நாள்வரை உயிரோடிருந்தார் என்னும் செய்தியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: விட்டுப்போனவருக்கும் தொடர்ந்து வருபவருக்கும் அபாயம் ஒத்திருக்க வேண்டும்.

இடுக்கி மலையில் அந்த நிபந்தனை நிற்பதில்லை. நோய் முற்றுவதே பலரை மலையிறக்குகிறது. அவர்களைச் சென்சார் என்று எழுதினால் அம்மையத்தின் உயிர்வாழ் கோடு உண்மையைவிட உயர்ந்து நிற்கும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலோ ஒருவர் கோவை மருத்துவமனைக்கு மாறுவது வெறும் பயண வசதிக்காகவும் இருக்கலாம். இரு மையங்களிலும் பதிவேட்டுச் சொல் ஒன்று, பொருள் வேறு. மையத்துக்கு மையம் அடிப்படை அபாயம் மாறுவதை அடுக்குமுறைக் காக்ஸ் மாதிரி ஏற்றுக்கொள்ளும். ஆனால், ஏன் போனார் என்பதை அது கேட்பதில்லை.

மலைக்கு அப்பால், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஊர்கள் 114 தொகுதிகளாக வகுக்கப்பட்டன. 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை. பரிசோதனை வழங்கிய தொகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரண அபாயம் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. நோயாளி மருத்துவமனைக்குத் திரும்பி வரட்டும் என்று காத்திராமல், மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டின் துணையோடு நோயையும் மரணத்தையும் கண்டறிந்தது அவ்வாய்வின் பலம்.

விட்டுப்போகும் வாய்ப்பைக் கணித்து எடையிடும் முறைகள் உள்ளன. விட்டுப்போனவர் அனைவரும் உடனே இறந்ததாக ஒருமுறையும், இறுதிவரை வாழ்ந்ததாக மறுமுறையும் கொண்டு முடிவு நிலைக்கிறதா என்றும் பார்க்கலாம். எனினும், போன காரணமே பதிவாகாத இடத்தில் எடைகளும் ஊகமே.

ஆய்வு மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரவுப் படிவம் வரையும்போது, எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணுக்கும், விட்டுப்போன காரணத்துக்கும் இரண்டு கட்டங்கள் சேருங்கள். அத்தை இறந்த செய்தி எங்களுக்கு அன்றே வந்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.