திப்பிலியும் மாத்திரையும்



நம் தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்திற்கு அப்பெயர் வரக் காரணம் காசநோயே. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தே இல்லை. தூய காற்றும் சத்துணவும் ஓய்வுமே சிகிச்சை. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 2005 முதல் அதனருகே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. ஆகவே, “சாமி, மாத்திரைக்குப் பதில் மூலிகை போதாதா?” என்று பங்கு மக்கள் என்னைக் கேட்பதில் வியப்பில்லை.

நானறிந்த கொத்தனார் ஒருவர், இருமல் நின்றதும் மூன்றாம் மாதத்திலேயே மாத்திரைகளை நிறுத்திவிட்டு இலேகியம் மட்டும் உண்டார். சில மாதங்களில் இரத்தமாகத் துப்பினார். பரிசோதித்தபோது ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் ஆகிய முதன்மை மருந்துகள் இரண்டிற்கும் அவருடைய கிருமிகள் அடங்கவில்லை. “பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா சாமி?” என்று அவர் மனைவி கேட்ட குரல் இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

இலேகியம் இக்கேட்டை விளைவிக்கவில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் வலுக்குன்றிய கிருமிகள் மடிய, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. அவையே பிறருக்கும் பரவுகின்றன.

அப்படியாயின் மூலிகைகள் வீணா? இல்லவே இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையார் பெரு நாட்டிலிருந்து ஐரோப்பாவிற்குக் கொணர்ந்த சின்கோனாப் பட்டையிலிருந்தே மலேரியாவிற்குரிய கொயினா கிடைத்தது. பின்னாளில் மலேரியாக் கிருமி குளோரோகுவினையும் எதிர்த்து நின்றபோது, சீனத்து மூலிகையொன்றிலிருந்து ஆர்ட்டெமிசினின் எடுக்கப்பட்டது. அதனைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் இதில் பங்குண்டு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப்பொருள் பைப்பரின். ரிஃபாம்பிசின் இரத்தத்தில் நன்கு சேர அது துணைபுரிவதை ஜம்முவிலுள்ள ஆய்வகம் கண்டது. அதனைச் சேர்த்துச் செய்த மாத்திரை 2009-இல் நம் நாட்டில் வெளிவந்தது. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில் அதில் 200 மில்லிகிராமே இருந்தது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: திப்பிலி அங்கே மருந்திற்குத் துணையாக நின்றதேயன்றி, மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை.

மஞ்சளின் சாரம் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமிகளைக் கொல்லலாம். நாம் உண்ணும் மஞ்சளிலிருந்தோ மிகச் சிறிதளவே இரத்தத்தை அடைகிறது. தட்டில் பெற்ற வெற்றி நுரையீரலில் பெற்ற வெற்றியாகாது. பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்து, அளவிட்டு, நோயாளரிடம் சோதித்தறிந்ததுபோல் இவற்றையும் சோதித்தறிய வேண்டும்.

எனவே, பெற்றோரே, கஷாயம் அருந்த விரும்பினால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சில மூலிகைகள் மாத்திரையின் அளவையே மாற்றிவிடும். மாத்திரையை மட்டும் நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இன்று வழியுண்டு. முன்பு இருபது மாதம்வரை நீண்ட சிகிச்சையை, தகுதியுள்ள நோயாளருக்கு ஆறே மாதத்தில் முடிக்கும் மருந்துமுறையை 2024-இல் நம் அரசு ஏற்றுள்ளது. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சிகிச்சை இலவசமே. இருமல் இரண்டு வாரம் நீடித்தால், நாணாமல் உடனே சென்று சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.