கறுப்புக் காரைத் துடைக்காதீங்க

கறுப்புக் கார் வச்சிருக்கிற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில பழைய சாரன் துண்டால தூசி தட்டித் துடைக்கிற பழக்கத்தை விட்டுருங்க. நம்ம கிழக்குக் கரையில தூசியோட கடல்மணலும் சேர்ந்திருக்கு. பெயின்டுக்கு மேல உள்ள கிளியர்கோட் தலைமயிரை விட மெல்லிசு. காய்ந்த மணலோட துணியை இழுத்தா கீறாம என்ன செய்யும்? வெள்ளைக் காரில தெரியாது. கறுப்பில வெயில் பட்டதும் சிலந்திவலை மாதிரித் தெரியும். தரம் 6 பிள்ளைகள் தூசியில விரலால பெயர் எழுதுறதும் இதே கணக்குத்தான் (எழுத்துப்பிழை வேற).

முதல்ல தண்ணி அடிச்சு மணலை இறக்குங்க. பிறகு இரண்டு வாளி: ஒன்றில கார் ஷம்பு, மற்றதில துணி அலச வெறும் தண்ணி. கூரையிலிருந்து கீழே வாங்க. டயர்ப் பக்கத்துக்கு வேற துணி. எல்லாம் நிழலில. பாத்திரம் கழுவுற திரவம் வேணாம், வெக்ஸைக் கழற்றிரும். காகம் எச்சமிட்டா சுரண்டாதீங்க, நனைச்சு ஊறவிடுங்க.

"பொலிஷ் போட்டா போயிரும் சேர்" என்பாங்க. போகும்தான். ஒவ்வொரு பொலிஷும் கிளியர்கோட்டையே கொஞ்சம் தேய்ச்சு எடுக்குது. 2020 மார்ச்சில நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் திறந்தது. இப்போதைய விலையில நம்ம சம்பளத்துக்கு அடுத்த கார் எங்க? எனக்கு லீசிங்கே இன்னும் மூணு வருஷம் கிடக்கு.