காலம் கடந்து கேட்ட பாட்டு



இவ்வாரம் வேதபாடமாக நான் ஆயத்தம் செய்திருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி எழுதுகிறேன். நம் போதகருக்கு என்ன நேர்ந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். என் வீட்டாரைக் கேட்டால், பத்து ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்துவிட்டது என்பார்கள்.

குழுவின் பெயர் போனி எம். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களில் அவர்கள் பாடிய 'மேரிஸ் பாய் சைல்ட்' கேட்காத வீடு அரிது. 1976-ல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் உலகமெங்கும் கொடிகட்டிப் பறந்தார்கள், 1986-ல் பிரிந்துபோனார்கள். நான் அவர்களுக்கு ரசிகனானதோ 2014-ஆம் ஆண்டு, நாற்பத்தெட்டாம் வயதில். பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து உட்கார்ந்த விருந்தாளி நான். ஆனால் பந்தி நடந்தபோது நான் வாசலில் நின்று என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கணக்கு எழுதுவது அவர் வேலை. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் வழியில் பர்மா பஜாரில் நின்று அத்தோ சாப்பிடுவார். அப்படியே கேசட் கடைகளைச் சுற்றிவிட்டு வருவார். பல நாள் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து ஒரு டூ-இன்-ஒன் வாங்கினார். எங்கள் வீட்டிலிருந்த முதல் ஆடம்பரப் பொருள் அதுதான். அதன் பக்கத்தில் செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றில் ஏழு கேசட்டுகள் இருந்தன.

1983-ஆம் ஆண்டு மே மாதம், பதினேழாம் வயதில், ஓர் எழுப்புதல் கூட்டத்தில் நான் இரட்சிக்கப்பட்டேன். அந்த அனுபவத்தை இன்றளவும் நான் மறுதலிக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசியவர் உலகப் பாட்டுகளைப் பற்றியும் பேசினார். வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு சினிமாப் பாட்டு, டிஸ்கோ பாட்டு கேசட்டும் சத்துருவுக்குத் திறந்து வைத்த கதவு என்றார். அன்றிரவு அண்ணன் வேலையிலிருந்தார். நான் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக் கரைக்குப் போனேன். பாறைகள்மேல் உட்கார்ந்து ஏழு கேசட்டுகளின் நாடாவையும் உருவினேன். ஒரு கேசட்டில் எவ்வளவு நாடா இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு நிறமாய் மினுங்கிக்கொண்டு பாறை இடுக்குகளில் சிக்கி ஆடியது. மிச்சத்தைக் கடலில் எறிந்தேன். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னேன். பலமாய் ஆமென் சொன்னார்கள்.

அண்ணன் என்னை அடிக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அதுல ஒண்ணு சங்கீதம்டா தம்பி. கேட்டுட்டாவது பிச்சிருக்கலாம்." சாத்தானும் வசனம் சொன்னான் என்று நான் பதில் சொன்னேன். எவ்வளவு பொருத்தமான பதில் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அதன்பின் முப்பத்தொரு ஆண்டுகள் அதைப்பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. நான் ஊழியத்துக்கு வந்தேன். அண்ணன் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்டார். கேசட் வாங்குவதை அன்றோடு விட்டுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து டூ-இன்-ஒன்னையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

2014 நவம்பரில் நுரையீரல் நோய் முற்றி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மாலை ஜெபித்து முடித்தபின், "உன் போன்ல எல்லாப் பாட்டும் கிடைக்கும்னு சொல்றாங்களே, அந்தப் பாபிலோன் பாட்டு கிடைக்குமா?" என்று கேட்டார். தேடினேன், உடனே கிடைத்தது. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. ஒலியைக் குறைத்து அவர் காதருகே வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர், "கொஞ்சம் சத்தமா வைங்க சார்" என்றார். வாத்தியங்கள் சேருமுன் பல குரல்கள் சேர்ந்து வார்த்தையில்லாமல் முனகுவதுபோல் அந்தப் பாட்டு எழும்பும். அந்த முனகல் முடிந்து முதல் வரி வந்தபோது, 137-ஆம் சங்கீதத்தை என் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது. அதை எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று வேடிக்கைக்குக் கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று இவர்கள் கேட்கும் கேள்வியோடு போனி எம் பாட்டு அந்தச் சங்கீதத்தை நிறுத்திவிட்டு, 19-ஆம் சங்கீதத்தின் கடைசி ஜெபத்துக்குத் தாவிவிடுகிறது. மீதியுள்ள வசனங்களை, குறிப்பாகப் பழிவாங்கலைப் பேசும் அந்தக் கடைசி வசனத்தை, பாடவில்லை. அதை விட்டுவிட்டார்களே என்று குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. நம் ஆராதனையில் நாமும் அதை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்?

"யார்ண்ணா உனக்கு இத சொன்னது, சங்கீதம்னு?" என்று கேட்டேன். கடைக்காரர்தான் என்றார். ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, கப்பலேறி வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. கிறிஸ்தவர் அல்ல. "ஊரை வுட்டு வந்தவங்க பாட்டு சார் இது, உங்க வேதத்துல இருக்காமே" என்று சொல்லித்தான் அந்தக் கேசட்டை அண்ணன் கையில் கொடுத்தாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் பாட்டு போனி எம் இயற்றியது அல்ல. 1970-ல் ஜமைக்கா தீவின் மெலோடியன்ஸ் என்ற குழு பாடியது. எழுதியவர்கள் பிரென்ட் டோவ், டிரெவர் மக்நாட்டன் இருவரும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். ரஸ்தஃபாரி என்னும் சமய மரபினர் பாபிலோன் என்று சொன்னால், தங்களை ஒடுக்கும் ஆட்சியையே குறிப்பார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல், ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற இசைத் தயாரிப்பாளர் அதை நடனப் பாட்டாக மாற்றினார். ரஸ்தஃபாரி சொற்களை எடுத்துவிட்டுப் பழைய வேதச் சொற்களையே வைத்தார். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அழுகைப் பாட்டுக்கு உலகமே ஆடியது. சங்கீதத்தில் சிறைபிடித்தவர்கள் கேட்டதும் இதைத்தானே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பாடிய லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்து இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்ற கேள்வியை அவர்கள் வாயால் கேட்கும்போது வேடிக்கையாக இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. மேடையில் துள்ளித் துள்ளி ஆடும் ஆண், அருபா தீவைச் சேர்ந்த பாபி ஃபாரெல், பதினைந்து வயதில் கப்பல் தொழிலாளியாய் ஊரைவிட்டுப் போனவர். இசைத்தட்டுகளில் ஒலிக்கும் அந்தக் கனத்த ஆண் குரல் அவருடையதே அல்ல! ஸ்டூடியோவில் பாடியவர் ஃபாரியன், ஃபாரெல் வாயசைத்தார். குழுவின் மற்றொரு பெண்மணி மெய்சி வில்லியம்ஸும் பதிவுகளில் பாடியதில்லை. பிரசங்கியாருக்கு இது கையில் வந்து விழுந்த உதாரணம். மாய்மாலத்தைப் பற்றிய மூன்று குறிப்புகளை நானும் ஒரு தாளில் எழுதிவிட்டேன். பிறகு காசிமேட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பையன் நினைவுக்கு வந்தான். சாத்தானும் வசனம் சொன்னான் என்று அன்று அண்ணனுக்குப் பதில் சொன்னது யாருடைய குரல்? முந்தின நாள் மேடையில் பேசியவருடைய வார்த்தை, ஏற்ற இறக்கம்கூட மாறாமல். வாயசைத்தவன் மட்டும் நான். தாளை மடித்து வைத்துவிட்டேன். 2010 டிசம்பர் 30 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபாரெல் இறந்துபோனார் என்ற செய்தியை, நான்கு ஆண்டு தாமதமாய் வாசித்தபோது, சொந்தக்காரர் போனதுபோல் வருத்தப்பட்டேன்.

காலம் கடந்து ரசிகனாவதில் ஒரு வசதி உண்டு. எல்லாம் முடிந்து ஒரே இடத்தில் கிடக்கும். அடுத்த பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். சங்கடமும் அதேதான்: கூடச் சேர்ந்து கேட்க ஆள் இருக்காது. விம்கோ நகர் மெட்ரோவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தலையசைக்கும் வெள்ளை அங்கிக்காரரைப் பார்த்து, கல்லூரிப் பிள்ளைகள் அவர் கேட்பது ஏதோ செய்தி என்றுதான் எண்ணுவார்கள். 1978 டிசம்பரில் இவர்கள் மாஸ்கோவுக்குப் போய்ப் பாடியதையும், அங்கே 'ரஸ்புடின்' பாட்டை மட்டும் பாடாமல் விட்டதையும் யாரிடம் சொல்வது? என் மகளிடம் சொன்னேன். "அப்பா, இது மூணாவது தடவை" என்றாள்.

அண்ணனிடம் சொல்ல எனக்குச் சில வாரங்கள் கிடைத்தன. தினமும் மாலையில் அன்றைக்குத் தெரிந்துகொண்டதைக் கொண்டுபோவேன். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரிப்பார். குரல் ஃபாரெலுடையது அல்ல என்று சொன்னபோது மட்டும் நம்பவில்லை. "சும்மா இரு. நான் போஸ்டர்ல பார்த்திருக்கேன்" என்றார்.

ஒரு நாள் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றிரவு நான் செய்தது தவறு; சபையில் சாட்சி சொன்னது அதைவிடத் தவறு; என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். ஊழியத்தில் எத்தனையோ பேரை ஒப்புரவாக்கியிருக்கிறேன். என் வாயிலிருந்து அது வருவதற்கு முப்பத்தொரு ஆண்டு ஆயிற்று. அவர் கண்ணை மூடியபடியே விரல்களை மடக்கினார். கணக்கு எழுதுகிறவர் அல்லவா. "ஏழு கேசட்டுடா. அதுல ரெண்டு ஒரிஜினல்" என்றார். பிறகு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "போடு" என்றார். போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனையில் வழக்கமான கீர்த்தனைகளைப் பாடினோம். அந்தப் பாட்டைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. சபையார் என்ன சொல்வார்களோ என்ற பயம், உங்களைத்தான் சொல்கிறேன்.

சென்ற மாதம் பழைய பொருள் விற்கும் கடையொன்றில், உறை மங்காத போனி எம் கேசட் ஒன்று கண்ணில் பட்டது. விலை நூற்றைம்பது. பேரம் பேசவில்லை. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. அண்ணி வீட்டிலும் இல்லை. ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள்.

"இது ஒரிஜினலா?" என்று கேட்டார்கள்.